ஏழைகளுக்கு, ஏழைகளோடு, ஏழைகளால்

ஈராண்டுகளுக்கு முன், கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மும்பையில் தமிழ்க் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் குடிசைப்பகுதி ஒன்றில், திருச்சபையொன்றின் இளைஞர் குழுவினர் மளிகைப் பை வழங்கிக்கொண்டிருந்தனர். ஐந்து கிலோ அரிசி, ஒரு கிலோ துவரம்பருப்பு, எண்ணெய், தேயிலை, ஒரு போர்வை. அதே பகுதியில்தான் என் முனைவர் பட்ட ஆய்வுக்கான களப்பணியும் நடந்துவந்தது. மூன்று தலைமுறைகளுக்குள் ஒரு வீட்டின் தமிழ் எப்படி மாறுகிறது என்பது என் ஆய்வுப்பொருள். என்னிடம் நல்ல கேமரா இருந்ததால், முந்தைய ஆண்டைப் போலவே படம் எடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. வரிசையில் வந்தவர்கள் டோக்கனைக் கொடுத்து, பையைப் பெற்று, வழங்குபவரோடு சேர்ந்து கேமராவை நோக்கி ஒரு நொடி நின்று, நகர்ந்தார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா மட்டும் நகரவில்லை. “போன வருசமும் நீங்கதான படம் எடுத்தீய தம்பி. அதுல ஒண்ணு எனக்குத் தந்தா என்ன?” என்று கேட்டார்.

என்னிடம் விடை இல்லை. அந்தப் படம் திருச்சபையின் ஆண்டறிக்கையில் இருந்தது. நன்கொடையாளர்களுக்கு அனுப்பிய மடலில் இருந்தது. என் மடிக்கணினியில் இருந்தது. படத்தில் இருந்தவரிடம் மட்டும் இல்லை. அதைத் தர வேண்டும் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை என்பதுதான் என்னை இன்றளவும் உறுத்துகிறது. நாங்கள் கெட்ட எண்ணத்தோடு செல்லவில்லை. ஆகவே எண்ணத்தை ஆராய்வதால் மட்டும் இச்சிக்கல் விளங்கிவிடாது என்று கருதுகிறேன்.

நகரத்து ஏழைகளிடையே நடைபெறும் கிறிஸ்தவ ஊழியத்தைப் பற்றிய விவாதம் நம் நாட்டில் பெரும்பாலும் எண்ணத்தைப் பற்றிய விவாதமாகவே இருக்கிறது. அது அன்பா, மதமாற்றத் தூண்டிலா என்று இரு தரப்பும் கேட்கின்றன. ஒரு தரப்பு கொடுப்பவரின் நெஞ்சைப் புகழ்கிறது. மறு தரப்பு அதே நெஞ்சைச் சந்தேகிக்கிறது. பெறுபவர் இரு தரப்பின் பேச்சிலும் பெறுபவராக மட்டுமே இருக்கிறார். மொழியியல் பயின்றவன் என்ற முறையில் நான் வேறொரு கேள்வியை முன்வைக்க விரும்புகிறேன்: ஊழியம் பற்றிய வாக்கியத்தில் ஏழை எந்த வேற்றுமையில் நிற்கிறார்?

முதலில் ஊழியம் என்ற சொல்லையே பார்ப்போம். பழைய திருவிதாங்கூரில் அரசுக்கும் கோயிலுக்கும் கூலியின்றிச் செய்தாக வேண்டிய கட்டாய உழைப்புக்கு ஊழியம் என்று பெயர். அதைச் செய்தவர்கள் ஒடுக்கப்பட்ட சாதியினர். தமிழ்க் கிறிஸ்தவம் அதே சொல்லைத் தன் உயர்ந்த பணிக்குப் பெயராக்கிக்கொண்டது. தாழ்த்தப்பட்டவர் வலியோருக்குச் செய்ததைக் குறித்த சொல், இங்கே இறைவனுக்காகத் தன்னைத் தாழ்த்திக்கொண்டவர் பிறர்க்குச் செய்வதைக் குறித்தது. ஊழியக்காரர் என்றால் வேலைக்காரர். சொல் இவ்வாறிருக்க, நடைமுறை என்ன? இன்று ஊழியக்காரர் ஒரு குடிசைக்குள் வந்தால் வீட்டில் இருக்கும் ஒரே நாற்காலி அவருக்குப் போடப்படுகிறது. வேலைக்காரர் அமர்ந்திருக்கிறார், வீட்டுக்காரர் நிற்கிறார். சொல் தலைகீழாக்கியதை வழக்கம் மீண்டும் நிமிர்த்திவிட்டது.

இனி வேற்றுமை. நான்காம் வேற்றுமையான ‘கு’ உருபுக்கு நன்னூல் தரும் பொருள்களில் முதலாவது கொடை. இரண்டாவது பகை. புலவருக்குப் பரிசில் கொடுத்தான் என்பதிலும், பாம்புக்குப் பகை கீரி என்பதிலும் ஒரே உருபுதான் வருகிறது. இலக்கணம் அறம் சொல்வதில்லை. ஆயினும் இந்த அண்மை எனக்குத் தற்செயலாகப் படவில்லை. கொடையிலும் பகையிலும் செயல் ஒருவரை நோக்கிச் செல்கிறது. அவர் அதன் இலக்கு. மூன்றாம் வேற்றுமைக்கு நன்னூல் கூறும் பொருள்கள் மூன்று: கருவி, கருத்தா, உடனிகழ்வு. ‘ஏழைகளோடு’ என்பது உடனிகழ்வு. ‘ஏழைகளால்’ என்பதோ இரண்டு பொருள்படும். ஏழைகள் கருவியாகலாம், கருத்தாவும் ஆகலாம். அந்த ஆண்டறிக்கைப் படத்தில் அந்த அம்மா கருவி. தன் படத்தைக் கேட்ட நொடியில் அவர் கருத்தா. ஊழியத்தின் தரம் இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. இதை இந்திய நகரங்களின் இரண்டு தொடக்கங்களைக் கொண்டு விளக்க முயல்கிறேன். இரண்டுமே அயல்நாட்டவர் தொடங்கியவை. இரண்டுமே கிறிஸ்தவ நம்பிக்கையிலிருந்து பிறந்தவை.

முதலாவது கொல்கத்தா. லொரேட்டோ சபையின் கன்னியர்களுள் ஒருவராக 1929இல் இந்தியா வந்த தெரசா, எண்டாலியில் சபை நடத்திய மடத்து வளாகத்தில் இயங்கிய வங்கவழிப் பள்ளியில் பல ஆண்டுகள் ஆசிரியராகவும், பின்னர் தலைமையாசிரியராகவும் இருந்தார். வங்கமொழியில் அவருக்கிருந்த தேர்ச்சியால், அதே பெயருடைய இன்னொரு கன்னியரிடமிருந்து வேறுபடுத்த, அவரை ‘வங்காளத் தெரசா’ என்றே அழைத்ததாகச் சொல்வர். மடத்துச் சுவருக்கு அப்பால் இருந்தது மோதிஜீல் குடிசைப்பகுதி. 1943இன் பஞ்சத்தையும் 1946 ஆகஸ்டின் படுகொலைகளையும் கண்ட நகரம் அது. 1948இல் மடத்தை விட்டு வெளியேறி, பாட்னாவில் சில மாதங்கள் மருத்துவப் பயிற்சி பெற்று, அவ்வாண்டு டிசம்பரில் அவர் மோதிஜீலுக்குச் சென்றார். அங்கே அவர் தொடங்கிய முதல் வேலைகளுள் ஒன்று, குழந்தைகளை உட்காரவைத்து மண்ணில் குச்சியால் வங்க எழுத்துகளை எழுதிக் காட்டியது. கட்டடம் இல்லை, பலகை இல்லை, நன்கொடையாளர் பட்டியல் இல்லை.

அந்தத் தொடக்கத்தில் உடனிகழ்வும் இருந்தது, கருத்தாவுக்கான விதையும் இருந்தது. எழுத்து கற்ற குழந்தை நாளை மனு எழுதும், கணக்குக் கேட்கும், மறுப்பும் சொல்லும். 1950இல் பிறர் அன்பின் பணியாளர் சபை முறைப்படி தோன்றியது. 1952இல் காளி கோயிலை ஒட்டிய யாத்ரீகர் விடுதியில் இறக்கும் நிலையில் உள்ளோருக்கான நிர்மல் ஹிருதய் திறக்கப்பட்டது. ஏழையரிலும் ஏழையருக்கு முழுமனத்தோடு இலவசமாகப் பணியாற்றுவோம் என்பது இச்சபையினர் எடுக்கும் நான்காம் வார்த்தைப்பாடு. சபை எழுத்து கற்பிப்பதை நிறுத்திவிடவில்லை. ஆனால் உலகம் அதை அறிந்ததும் போற்றியதும் இறப்பவரின் கட்டிலருகே நின்ற சபையாகத்தான். கட்டிலில் கிடப்பவர் வாக்கியத்தில் எங்கே நிற்பார்? நான்காம் வேற்றுமையில்தான்.

தெருவில் விடப்பட்ட ஒருவர் ஒரு கையைப் பற்றியபடி இறப்பதைச் சிறுமையாகப் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் 1994இல் லான்செட் மருத்துவ இதழின் ஆசிரியராக இருந்த ராபின் ஃபாக்ஸ் அவ்வில்லத்தைப் பார்த்து எழுதிய குறிப்பைத் தள்ளிவிடவும் முடியாது. குணப்படுத்தத்தக்க நோயாளியையும் குணப்படுத்த இயலாதவரையும் முறையாகப் பிரித்தறியவில்லை என்றும், கடும் வலிக்கு உரிய வலிநீக்கிகள் அங்கே இல்லை என்றும் அவர் எழுதினார். அடுத்த ஆண்டு கிறிஸ்டோபர் ஹிட்சன்ஸ் எழுதிய நூல் இக்குற்றச்சாட்டை ஓர் அறிவுப்போராகவே ஆக்கியது. அன்பு குறைந்ததால் வலிநீக்கி இல்லாமற்போனது என்று நான் நம்பவில்லை. வலியை உணர்பவர் தம் வலியைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் இல்லாதபோது, கொடுப்பவர் அதற்கு என்ன பொருள் கொள்கிறாரோ அதுவே நிலைத்துவிடுகிறது. கொடைக்குள் இருக்கும் ஆபத்து இதுதான். கொடுப்பவர் புனிதராக இருந்தாலும் அது நீங்குவதில்லை.

இரண்டாவது தொடக்கம் மும்பை. சமூகவியல், சமூகப்பணித் துறைகளில் பயிலும் நண்பர்கள் பலருக்கு டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் வரலாறு தெரிந்திருக்கும்; அது எந்தத் தெருவில் பிறந்தது என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. 1925இல் அமெரிக்க மராத்தி மிஷன் சார்பில் பம்பாய்க்கு வந்த சபைகுரு கிளிஃபர்ட் மான்ஷார்ட், 1927இல் பைகுல்லாவை அடுத்த நாக்பாடாவில் நெய்பர்ஹுட் ஹவுஸ் என்ற அக்கம்பக்கத்தார் இல்லத்தைத் தொடங்கினார். இசுலாமியர், யூதர், இந்துக்கள், கிறிஸ்தவர் எனப் பலரும் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி அது. 1884இல் கிழக்கு லண்டனில் ஆங்கிலிக்கக் குரு சாமுவேல் பார்னெட் தொடங்கிய டாயின்பி ஹாலும், 1889இல் சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் தொடங்கிய ஹல் ஹவுஸும் வகுத்த வழியை அது பின்பற்றியது. அவ்வழியின் அடிப்படை எளிது: ஏழைகள் வாழும் தெருவிலேயே குடியிரு, அவர்களின் அண்டைவீட்டாராகு, வறுமையின் காரணங்களை அங்கிருந்தே ஆராய். இதுவும் ஓடு உருபுதான்.

1936இல் அந்த இல்லத்திலேயே சர் தோராப்ஜி டாட்டா சமூகப்பணிப் பட்டமேற்படிப்புப் பள்ளி தொடங்கியது. மான்ஷார்ட் முதல் இயக்குநர். அவருக்குப் பின் 1941இல் பொறுப்பேற்றவர் ஜே. எம். குமரப்பா, காந்தியப் பொருளியலறிஞர் ஜே. சி. குமரப்பாவின் உடன்பிறந்தவர், தஞ்சாவூரில் வேர்கொண்ட தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தவர். 1944இல் பள்ளிக்கு இன்றைய பெயர் வந்தது. பின்னர் அது தேவனாருக்கு இடம்பெயர்ந்து 1964இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகவும் உயர்ந்தது. இந்தியாவில் சமூகப்பணி ஒரு கல்வித்துறையாக உருவானது இந்தத் தெருவிலிருந்துதான். ஆனால் இங்கும் இழப்பு உண்டு. நாக்பாடாவில் அண்டைவீட்டாராக இருந்தவர், தேவனாரில் ஆய்வுக்குரிய தரவானார். கொல்கத்தாவில் ஏழை இரக்கத்தின் இலக்கானார் என்றால், மும்பையில் அறிவின் இலக்கானார். உருபு மாறவில்லை.

ஆயினும் நாக்பாடாவின் கதை அத்தோடு முடியவில்லை. அதன் அடுத்த அத்தியாயமே என் வாதத்துக்கு அச்சாணி. 1984இல், அந்த இல்லத்தில் பணியாற்றிவந்த ஷீலா பட்டேல் உள்ளிட்ட சிலர் வெளியேறி ஸ்பார்க் என்ற அமைப்பைத் தொடங்கினர். பைகுல்லாவின் நடைபாதைகளில் வாழ்ந்த பெண்களோடு அவர்கள் வேலையைத் தொடங்கினார்கள். 1985 ஜூலையில் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாழ்வுரிமையில் வாழ்வாதார உரிமையும் அடங்கும் என்று கூறியது. அதே தீர்ப்பில் மழைக்காலத்துக்குப் பின் நடைபாதைவாசிகளை அகற்ற வழியும் விட்டது. அவர்கள் எத்தனை பேர், எங்கிருந்து வந்தனர், என்ன வேலை செய்கின்றனர் என்று எந்த அரசுப் பதிவேட்டிலும் இல்லை. சுமார் 6,000 குடும்பங்களை நடைபாதைவாசிகளின் பங்கேற்போடு கணக்கெடுத்து, ‘கண்ணுக்குத் தெரியாத நாங்கள்’ என்று பொருள்படும் தலைப்பில் ஸ்பார்க் வெளியிட்டது. 1986இல் அப்பெண்கள் மகிளா மிலன் என்ற தங்கள் கூட்டமைப்பை அமைத்தனர். கோலார் தங்கவயலில் பிறந்து மும்பைக்கு வந்த தமிழரான ஜோக்கின் அற்புதம், மான்கூர்டின் ஜனதா காலனியிலிருந்து வெளியேற்றத்தை எதிர்த்துப் போராடியவர். 1970களின் நடுவில் அவர் உருவாக்கிய குடிசைவாழ்வோர் தேசியக் கூட்டமைப்பு இவர்களோடு கைகோத்தது.

எண்ணப்படுபவராக இருந்தவர்கள் எண்ணுபவர்களானதே இங்கு நிகழ்ந்த மாற்றம். ‘ஏழைகளால்’ என்பதன் பொருள் கருவியிலிருந்து கருத்தாவுக்கு நகர்ந்தது. ஸ்பார்க் சமயம் சார்ந்த அமைப்பன்று. அதை ஊழியம் என்று உரிமை கொண்டாடத் திருச்சபைக்கு உரிமையில்லை. ஆனால் ஒரு குருவானவர் தெருவில் கட்டிய இல்லம், இரண்டு தலைமுறை கழித்துத் தன் சொந்த முறையையே கேள்வி கேட்கும் மனிதர்களை உருவாக்கியது. ஓர் ஊழியத்துக்கு இதைவிடப் பெரிய வெற்றி இருக்க முடியாது என்று நினைக்கிறேன். அது எந்த ஆண்டறிக்கையிலும் இடம்பெறாத வெற்றி.

இந்த இடத்தில் மதமாற்றத் தடைச் சட்டங்களைப் பற்றிப் பேசியாக வேண்டும். 1967இல் ஒடிசா இயற்றிய சமயச் சுதந்திரச் சட்டம், பணமாகவோ பொருளாகவோ தரப்படும் அன்பளிப்பையும் தூண்டுதல் என்ற வரையறைக்குள் சேர்த்தது. மதம் மாற்றப்பட்டவர் சிறாராகவோ, பெண்ணாகவோ, பட்டியல் சாதியினராகவோ, பழங்குடியினராகவோ இருந்தால் தண்டனையை இரட்டித்தது. 1977இல் உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தையும் மத்தியப் பிரதேசத்தின் ஒத்த சட்டத்தையும் செல்லுபடியாகும் என்றது. பின்வந்த மாநிலச் சட்டங்கள் பலவும் இத்தடத்தில்தான் நடக்கின்றன. வயதுவந்த பெண்ணையும் தலித்தையும் சிறுவரோடு ஒரே வரிசையில் வைக்கும் பார்வை என்ன சொல்கிறது? இவர்கள் ஒரு பை அரிசிக்குத் தம் மனச்சான்றை விற்றுவிடுவர். தாமாக எதையும் தீர்மானிக்க இயலாதோர் என்கிறது. இதைக் கடுமையாக எதிர்க்கும் திருச்சபை நண்பர்களிடம் நான் பணிவோடு கேட்பது ஒன்றுதான்: டோக்கனும் வரிசையும் படமும் கொண்ட நம் விநியோகம் அதே பார்வையைத்தானே நடித்துக் காட்டுகிறது? சட்டம் பகையின் ‘கு’ உருபைக் கையாள்கிறது. நாம் கொடையின் ‘கு’ உருபைக் கையாள்கிறோம். இரண்டிலும் அந்த அம்மாவுக்குப் பேச இடமில்லை.

உண்மையில் அவர் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். படம் கேட்ட அதே அம்மா, நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து, வெள்ளிக்கிழமை இரவுகளில் தம் பத்தடிக்குப் பத்தடி அறையில் ஜெபக்கூட்டம் நடத்துகிறார். பன்னிரண்டு, பதினைந்து பேர் வருவார்கள். திருநெல்வேலித் தமிழில் தொடங்கும் ஜெபம், மராத்திக்காரப் பக்கத்துவீட்டுப் பெண்ணின் பெயர் வந்ததும் இந்திக்கு மாறும். அவருடைய மகனின் வேலைக்காக மன்றாடும்போது மராத்திச் சொற்கள் கலக்கும். ஆமென் மட்டும் எல்லாருக்கும் பொது. ஒருவருக்கு மருத்துவமனைச் செலவு என்றால் அங்கேயே பத்தும் இருபதுமாகச் சேர்ந்துவிடும். அதற்கு டோக்கன் கிடையாது. யார் தந்தார், யார் பெற்றார் என்பது அடுத்த மாதம் இடம் மாறிவிடும். இன்று இந்திய நகரங்களின் குடிசைப்பகுதிகளில் இப்படிப்பட்ட அறைகள் ஏராளம். ‘ஏழைகளிடையே ஊழியம்’ என்று நாம் ஏழாம் வேற்றுமையில், ஏழைகளை ஓர் இடமாக மட்டும் வைத்துப் பேசிக்கொண்டிருக்கையில், அந்த ஊழியத்தை அவர்களே செய்துகொண்டிருக்கிறார்கள். மளிகைப் பையோடு சென்ற எங்கள் குழுவில் எவருக்கும் அந்த அறையைப் பற்றித் தெரிந்திருக்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது, நான் அதை ‘மொழிக்கலப்பு நிகழும் சூழல்’ என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன்.

இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். பசித்தவருக்கு முதலில் சோறு போடு, இலக்கணம் பிறகு பேசலாம் என்பது ஒன்று. மறுக்கவில்லை. ஊரடங்குக் காலத்தில் அந்தப் பைகள் பல அடுப்புகளை எரிய வைத்தன. நான் கேட்பது பையை நிறுத்துவதையன்று. பட்டியலை யார் எழுதுவது என்பதைத்தான். மற்றது இன்னும் கூர்மையானது: ஏழைகளே தங்கள் காரியத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அரசு தன் கடமையைக் கைகழுவ உதவும் வாதம் அல்லவா? ஸ்பார்க் கூட்டணியின் மீதும், அது அரசோடும் சந்தையோடும் இணங்கிப் போனதாக இத்தகைய விமர்சனங்கள் உண்டு. இந்த ஆபத்தை ஏற்கிறேன். ஆனால் கருத்தாவாக இருப்பது தனித்து விடப்படுவதன்று. உரியதைக் கேட்பவராக நிற்பதுதான் அது. பெறுபவராக மட்டும் வைக்கப்பட்டவரால் அரசையும் கேட்க முடியாது, திருச்சபையையும் கேட்க முடியாது.

ஆகவே என் முன்மொழிவு பெரிதன்று. விநியோகம் நடக்கும் தெருவில், யாருக்குத் தேவை என்ற பட்டியலைத் தெருவாரே எழுதட்டும். வரவுசெலவு அத்தெரு பேசும் மொழியில், அவர்கள் நடுவே வாசிக்கப்படட்டும். பேர் தெரியாத ஏழையாக எவருடைய முகமும் அறிக்கையில் அச்சேற வேண்டாம். அச்சேறினால் அவர் கையில் முதற்படி சேரட்டும். குழு அத்தெருவில் செய்ய நினைக்கும் ஒன்றை அங்குள்ளோர் வேண்டாம் என்றால், அது நடக்காமல் இருக்கட்டும். இவை திருச்சபைக்கு மட்டுமல்ல, நம் ஆய்வுக்கூடங்களுக்கும் பொருந்தும். தகவலாளிகளுக்கு நன்றி என்று ஆய்வேட்டின் முன்பக்கத்தில் நான்காம் வேற்றுமையில் ஒரு வரி எழுதிவிட்டு நாமும் நகர்ந்துவிடுகிறோம். என் கணினியில் அவர்களின் குரல் அறுபது மணி நேரம் இருக்கிறது. அதில் ஒரு நிமிடத்தைக்கூட அண்மைக்காலம் வரை நான் அவர்களுக்குத் திருப்பிப் போட்டுக் காட்டியதில்லை.

சென்ற ஆண்டு அந்த இரண்டு படங்களையும் அச்சிட்டு அந்த அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார். “ரெண்டுலயும் பை வந்து முன்னாடி நிக்கி. பை இல்லாம ஒண்ணு எடுங்க” என்றார். வெள்ளிக்கிழமை வரச்சொன்னார். சென்றபோது கூட்டத்தார் பதினான்கு பேரையும் சுவரோரமாக அமர்த்தி, யார் யாரருகே உட்கார வேண்டும் என்பதையும், நான் எங்கே நின்று எடுக்க வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். சொன்ன இடத்தில் நின்று எடுத்தேன். அந்தப் படம் இப்போது அவரிடம் மட்டுமே இருக்கிறது. என் ஆய்வேட்டில் அதைச் சேர்க்கலாமா என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். காத்திருக்கிறேன்.